ரப்பர் பந்தும் தேசிங்கு அண்ணனின் கயிறும்

“உங்க ஆஸ்பத்திரியிலயும் ஒரு கயிறு குடுத்தியே தம்பி, யாருமே இஸ்கலியே?” என்று தேசிங்கு அண்ணன் கேட்டபோது நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மணப்பட்டுக் கரை கூப்பிடு தூரத்தில்தான் தெரிந்தது. அதற்கே எனக்கு அந்த நிலைமை. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“எந்தக் கயிறுண்ணா?”

“அதான்பா, உள்ள படுக்க வச்சப்ப கையில குடுத்தியே. கறுப்பா, நீளமா, முனையில ஒரு பந்து வச்சி. எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு கெடந்தேன். ஒருத்தரும் இஸ்கல. கடைசில அந்த நர்ஸ் பொண்ணுதான் இஸ்துச்சி.”

இஸ்துச்சி என்றால் இழுத்தாள். எனக்கு வயிறு புரட்டுவது நின்றுவிட்டது. பத்து நாளாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயம் அந்த ஒரு பேச்சில் திறந்துகொண்டது. முழுதாகத் திறந்ததா என்றால் இல்லை. இன்றைக்கும் பாதி எனக்குப் புரியவில்லை. அந்தப் புரியாததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஸ்கேன் பிரிவுக்குப் போன மாதம் பயிற்சிக்கு வந்த நீங்கள் மூன்று பேரும், “சார், இதயத்து எம்.ஆர்.ஐ. எடுக்கறப்ப இன்னா சார் கவனிக்கணும்?” என்று கேட்டீர்கள். எந்தப் பட்டனுக்கு அப்புறம் எந்தப் பட்டன் என்பது கன்சோல் மேசையின் கீழ் இழுப்பறையில் நீல ஃபைலில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஃபைலில் இல்லாததைச் சொல்ல வேண்டியவர்கள் ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான். எனக்கோ சர்வீஸ் ஐந்து வருஷம். ஆனால் ஓய்வு பெறும்வரை பொறுத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது, அதற்குள் எனக்கு வசதியான மாதிரி கதையை மாற்றிக்கொண்டும் விடுவேன். சூடு ஆறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

தேசிங்கு அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. மணப்பட்டுக்காரர். வலை கடலடிப் பாறையில் சிக்கிக்கொண்டால் முங்கிப் போய் அதை விடுவித்துக்கொண்டு வருவது அவர் வேலை. அந்தக் கரையில் யார் வலை சிக்கினாலும் அவரைத்தான் தேடுவார்கள். நாலைந்து மாதமாக, முங்கி மேலே வந்ததும் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று வந்தார். ஈ.சி.ஜி.யும் நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனையும் சந்தேகத்தைக் கிளப்பின. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாதாரணமாக அவரை சி.டி.க்கு அனுப்பியிருப்பார்கள், இல்லையென்றால் நேராகக் கையிலோ தொடையிலோ குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோவுக்கு. இரண்டுக்கும் அயோடின் மருந்து வேண்டும். சில வருஷம் முன்னால் வயிற்று ஸ்கேனுக்காக அந்த மருந்தை ஏற்றியபோது தேசிங்கு அண்ணனுக்குத் தொண்டை அடைத்து, முகம் வீங்கி, பிழைத்ததே பெரிய பாடாகியிருக்கிறது. அதனால்தான் எங்களிடம் வந்தார். நம் எம்.ஆர்.ஐ. காந்தத்தில் கொடுக்கிற கான்ட்ராஸ்ட் வேறு மருந்து. அதில் படம் தெளிவாக வந்தால், எங்கே அடைப்பு, எவ்வளவு என்று தெரிந்துவிடும். தெளிவாக வராவிட்டால் மறுபடி அந்த அயோடின். அதையும் வேண்டாமென்றால், நெஞ்சில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அவர் கடலுக்குள் முங்கிக்கொண்டிருப்பார். அந்தப் படம் அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று புரிகிறதா?

எனக்குப் புரிந்திருந்தது. புரிந்தும்தான் கோட்டை விட்டேன்.

இதயத்துக் குழாய் என்பது ஒரு நூல் மாதிரி. அந்த நூல் நிமிஷத்துக்கு எழுபது தடவை துடிக்கிறது, போதாக்குறைக்கு மூச்சு விடுகிறபோது மேலும் கீழும் போய்வருகிறது. வழக்கமாக நோயாளியை இயல்பாக மூச்சுவிடச் சொல்லிவிட்டு, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் டயாஃபிரம் ஒரே மட்டத்துக்கு வரும் நொடிகளில் மட்டும் மெஷின் படம் எடுத்துக்கொள்ளும். தேசிங்கு அண்ணனிடம் அது பலிக்கவில்லை. அவர் மூச்சு நம்முடையதைப் போல அலையாக வராது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு புஸ் என்று ஒரு விடுதல். மெஷின் காத்துக் காத்து ஓய்ந்தது.

சரி, மூச்சை அடக்கச் சொல்லி எடுத்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். பதினெட்டு நொடி அடக்கினால் படத்தில் ஒரு துண்டு, அப்படி ஐந்து துண்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்ட்ராஸ்ட். முதியவர்கள் பத்து நொடியில் திணறுவார்கள். இவரோ முங்குகிறவர்! எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இந்தப் பிரிவிலேயே இதுவரை வராத படம் வரப்போகிறது, எல்லாருக்கும் காட்டலாம் என்றுகூட நினைத்தேன்.

நம் ரேடியாலஜி மேடம் போனில் கேட்டார். “மருந்து போடறதுக்கு முன்னாடி மூச்சு ஒத்திகை பார்த்தாச்சா, பிரகாஷ்?”

“மேடம், அவர் கடல்ல முங்குறவர்” என்றேன். பெருமையாக. என்னமோ நானே முங்குகிறவன் மாதிரி.

மேடமும், “ஓ, அப்படியா” என்று விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் அவசரத்தில் செய்தேன். எல்லா நோயாளிக்கும் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம் இல்லையா, நீளமான கறுப்புக் குழாயின் முனையில்? அமுக்கினால் இங்கே மணி அடிக்கும். “ஏதாவது ஆனா அமுக்குங்க” என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது, “இதப் புடிச்சிக்குங்கண்ணா, இன்னா ஆனாலும் இது இருக்குது.” அவ்வளவுதான். அவரும் தலையாட்டினார். குழாய் அவர் கையிலிருந்து நீண்டு, வெளிச்சம் இருக்கிற பக்கமாக வெளியே போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஸ்டாஃப் நர்ஸ் பிலோமினா மருந்தோடு நின்றாள். வில்லியனூர்க்காரி, எனக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவள். அந்த ஒரு வருஷத்தை ஒரு நாளும் மறக்கவிட மாட்டாள்.

“மூச்சை வெளிய விட்டு நிறுத்துங்க” என்றேன் மைக்கில். திரையில் பார்த்தால் அவர் விடவில்லை, நெஞ்சு நிறைய இழுத்து நிறுத்தினார். மருந்து போய்விட்டது. ஸ்கேன் ஓடியது. பதினெட்டு நொடி முடிந்தது. “மூச்சு விடலாம்ணா.”

மூச்சுக் கோடு அப்படியே நேராக நின்றது.

“அண்ணா, மூச்சு விடலாம்.”

முப்பது நொடி. நாற்பது. மெஷின் சத்தமும் நின்றுவிட்டது, ஆகவே காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஹெட்ஃபோன் வேறு மாட்டியிருக்கிறது. ஐம்பது. “பிலோ, ஆள பாரு!” என்று கத்தினேன். அவள் பாய்ந்து போய் அவர் கையையும் குழாயையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். புஸ்ஸென்று மூச்சை விட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்!

அடுத்த துண்டிலும் அதே கதை. மூன்றாவதில் நான் “நிறுத்துங்க” என்றபோது அவர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். நான்காவதில் பிலோமினாவின் கை பட்டு அவர் விட்டபோது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவதும் அப்படியே. அன்றைக்குக் கொடுக்கக்கூடிய மருந்து முழுவதும் தீர்ந்தது. படங்களைத் திறந்தேன். மழை பெய்கிற கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி இருந்தது. வலது குழாயில் ஓரிடத்தில் கறுப்பாக ஏதோ. இடது குழாய் பார்க்க ஒழுங்காகத் தெரிந்தது. கறுப்பு நிஜமா, அசைவா? யாருக்கும் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்த தேசிங்கு அண்ணன் வேட்டியை இறுக்கிக்கொண்டே, “எப்டி? ஒரு தபா ஒரு நிமிசத்துக்கு மேல நின்னேன் போல?” என்றார்.

“நல்லா நின்னீங்கண்ணா” என்றேன்.

மறுநாள் திரும்ப வரச் சொல்லிப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். “அவரு ஒழுங்காத்தானே படுத்தாராம். உங்க மெசினு சரியில்லன்னு சொல்றாரு. இனிமே வரமாட்டாராம்.” இரண்டாவது தடவை போன் செய்தபோது அவர் கடலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் நான் படித்துத் தீர்த்தேன். மூச்சை அடக்கும்போது டயாஃபிரம் மெல்ல நகரும் என்று ஒரு கட்டுரை. நகராது என்று இன்னொன்று. அவருக்குக் காது மந்தமோ? மயக்கமோ? என் மேலே கோபமோ? பிலோமினா மட்டும் ஒன்று சொன்னாள்: “நான் தொட்டதும் விட்டாருபா. சொன்னப்ப விடல, தொட்டப்ப விட்டாரு.” தற்செயல் என்றேன். “அஞ்சு தபாவுமா?” என்றாள். நான் இன்னொரு கட்டுரையைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் வழியாக மணப்பட்டுக்குப் போனேன். நேரில் கெஞ்சினால் வருவார் என்ற நம்பிக்கை. அவர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூட அவர் மனைவியின் தம்பி சக்திவேல். முப்பது வயதுக்காரர், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா.

“வந்துட்டியா? ஏறு. பேசிக்கினே போலாம்” என்றார் தேசிங்கு அண்ணன். ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதைப் படகு நகர்ந்த பிறகுதான் சொன்னேன்.

“அப்ப எதுக்குடா ஏறுன?” என்று சக்திவேல் சிரித்தார்.

யாரோ ஒருவருடைய வலை கரைக்குப் பக்கத்திலேயே கல்லில் மாட்டியிருந்தது. “அண்ணா, வேணாம், டாக்டர் முங்கக் கூடாதுன்னு…” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். “இது ஆழமே இல்ல தம்பி. சின்ன முங்கு.” தண்ணீர் மூடிக்கொண்டது.

கயிற்றின் மறுமுனை சக்திவேலின் கையில். அவர் அதைக் கெட்டியாகப் பிடிக்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் நூல் பிடிக்கிற மாதிரி லேசாக வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். கண் அலைமேல். கீழே இருப்பவரின் இதயத்தை ஐந்து துண்டாக எடுத்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இப்போது அந்த இதயம் தண்ணீருக்கடியில். சக்திவேல் இரண்டு தடவை இழுத்தார். ஒரு பெரிய அலை படகைத் தூக்கிவிட்டுப் போனது. அது போனதும், சரியாக அந்தப் பள்ளத்தில், தேசிங்கு அண்ணன் தலை வெளியே வந்தது.

வந்தவர் படகைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை நெஞ்சின்மேல்.

“மாமா, வலிக்குதா?” என்றார் சக்திவேல்.

“இல்லடா.”

அந்த இல்லடா எப்படிப்பட்ட இல்லடா என்று நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். நம் மேசைமேல் படுக்கிறவர்களில் பாதிப்பேர் சொல்வது அதுதான். அப்போதுதான் எனக்கு வாந்தி வந்தது. கடலாலா, பயத்தாலா, தெரியாது.

அவர் மேலே ஏறி மூச்சு வாங்கி முடித்த பிறகு, பேச்சுக்காகத்தான் கேட்டேன். “கீழ இருக்கறப்ப எப்ப மேல வரணும்னு எப்டிண்ணா தெரியும்?”

“மச்சான் இஸ்பான்.”

“இஸ்கலன்னா?”

“இஸ்காம எப்டி வர்றது?” அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “அல எங்க வருது, படகு எந்தப் பக்கம் திரும்புது, எல்லாம் மேல நிக்கறவனுக்குத்தானே தெரியும். எனக்கா தெரியும்? நானா வந்தா மண்ட படகுல இடிக்கும்.”

“கூப்பிட்டா கேக்காதா?”

“முங்குனா காது எதுக்குபா? காத வூட்லயே கயட்டி வச்சிட்டுதான் எறங்கணும்.”

மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது. விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன். அப்போதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வியைக் கேட்டார். உங்க ஆஸ்பத்திரியிலயும் ஒரு கயிறு குடுத்தியே.

நான் பிடித்துக்கொள்ளச் சொன்ன ரப்பர் பந்து அவர் கணக்கில் கயிறு. மறுமுனையில் ஆள் இருக்கிறார், நேரம் பார்த்து இழுப்பார். ஹெட்ஃபோனில் யாரோ பேசுவது கரையில் ரேடியோ பாடுகிற மாதிரி. அவர் ஒரு நொடிகூடத் தப்பு செய்யவில்லை. ஐந்து துண்டிலும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே நிற்க வேண்டியவன்தான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, மச்சான நம்ம ஸ்கேன் ரூமுக்குள்ள நிக்க வச்சி கயிறு புடிக்கச் சொன்னா வருவீங்களா?” என்று கேட்டேன்.

சக்திவேல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தேசிங்கு அண்ணன் சிரிக்கவில்லை. “அப்ப வர்றேன்” என்றார். “ஆனா அதுக்குள்ள பெரிய வல ஒண்ணு மாட்டுனா முங்கத்தான் செய்வேன். அதுக்கு முன்னாடி கூப்புடு.”

மேடத்திடம் சொல்ல எனக்கு ஒருநாள் முழுக்கத் தைரியம் வரவில்லை. சொன்னதும் அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, “துணிக்கயிறு. உலோகம் கூடாது. அந்த ஆளையும் முழுசா சோதிச்சு, காதடைச்சு அனுப்பணும். ஒத்திகை இல்லாம ஒரு சொட்டு மருந்து போகக் கூடாது” என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் அதிகம் குத்தியது.

புதன்கிழமை மதியம் இரண்டு பேரும், கூடவே தேசிங்கு அண்ணனின் மனைவியும் வந்தார்கள். சக்திவேலைப் பிலோமினா சோதித்தாள். சாவி, செல்போன், பெல்ட் எல்லாம் மேசைமேல் வந்தன. இடுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. அதைக் கழற்றமாட்டேன் என்றார்.

“காந்தம் தாயத்த மட்டும் இஸ்காதுண்ணா. இடுப்போட சேத்து இஸ்கும்” என்றாள் பிலோமினா.

“நீ நெஜமா நர்சா?” என்று கேட்டுக்கொண்டே அவர் அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

காயத்துக்குச் சுற்றும் துணியை மூன்றாகப் பின்னி ஒரு கயிறு செய்திருந்தோம். ஒரு முனை தேசிங்கு அண்ணன் மணிக்கட்டில். பந்தையும் இன்னொரு கையில் கொடுத்து, அமுக்கவைத்து, மணியைக் கேட்கவைத்தேன். “இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?” என்றார். ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கை தூக்கினால் சக்திவேல் ஒரு இழுப்பு, அடக்கு. கை இறக்கினால் இரண்டு இழுப்பு, விடு.

முதல் சிக்கல் உடனே வந்தது. காற்றை வெளியே விட்டுவிட்டு அடக்க வேண்டும் என்றேன். தேசிங்கு அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “காத்த வுட்டுட்டு எவனாவது முங்குவானாபா?”

நியாயம்தானே? ஆனால் நெஞ்சு நிறைய இழுத்தால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும், படம் ஒன்றோடொன்று பொருந்தாது. முழித்துக்கொண்டு நின்றபோது படகில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. “அண்ணா, அன்னிக்கு சின்ன முங்குன்னீங்களே. அதுக்கு எவ்ளோ காத்து?”

“ஒரு வாய்.”

“எப்பவும் அதே ஒரு வாயா?”

“பின்ன?”

ஆறு தடவை ஒத்திகை பார்த்தோம், மருந்தில்லாமல். டயாஃபிரம் கோடு ஆறு தடவையும் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஒரே மட்டத்தில் நின்றது. அந்த ஆறு போக நடுவில் ஒரு தடவை, சோதித்துப் பார்க்கலாமே என்று பிலோமினாவைக் கயிறு பிடிக்கச் சொன்னேன். கோடு ஆடியது. அவர் உள்ளிருந்தே, “புதுக் கை எது?” என்று கேட்டார். இழுப்பு அதேதான், இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இழுத்தார்கள். இது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

மருந்தை ஊசியில் ஏற்றியாயிற்று. மேடம் என் பின்னால் நின்றார். வெளியே முட்டி ஸ்கேனுக்கும் முதுகு ஸ்கேனுக்கும் ஆட்கள் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஒத்திகைப் படத்தைத் திறந்தேன். டயாஃபிரம் அசையவில்லை. ஆனால் இதயத்தின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தது.

“போடலாம்ல பிரகாஷ்?” என்றார் மேடம்.

“ரெண்டு நிமிஷம் மேடம்.”

“என்ன சந்தேகம்?”

“தெரியல மேடம்.”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். முதல் தடவை எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, போட்டுவிட்டேன். அந்தப் புதன்கிழமை ஒன்றும் தெரியவில்லை, அதனால் நின்றேன். தெரியல என்று சொல்ல வாய் கூசியது. முதுகுக்குப் பின்னால் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. மூச்சு அசையவில்லை, ஆள் அசையவில்லை. பின் எது அசைகிறது?

பிலோமினா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “பிரகாஷ், ஒண்ணு சொல்லவா? அவர் முங்கறப்ப நாடி இறங்குதுபா. சும்மா படுத்திருக்கறப்ப எழுபத்தாறு. கயிறு இஸ்ததும் அறுபத்திமூணு, ஐம்பத்தெட்டுன்னு இறங்குது. விட்டதும் ஏறிடுது.”

ஐயோ என்று இருந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் இதயம் ஒரு கணம் சும்மா இருக்கும். அந்தக் கணத்தில்தான் படம் எடுப்போம். அது எங்கே வருகிறது என்று முன்னாலேயே அளந்து மெஷினுக்குச் சொல்லிவிடுவோம். நான் அளந்தது அவர் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது. முங்கிவிட்டால் அவர் இதயமும் அவரோடு சேர்ந்து முங்குகிறது, மெதுவாகிறது, அந்தக் கணம் தள்ளிப்போகிறது. நான் கரையில் நின்று அளந்துவிட்டுத் தண்ணீருக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

“கயிறு இஸ்த பிறகு அளக்கணும் மேடம்.”

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுதான் அனுமதி. கை தூக்கினேன். சக்திவேல் இழுத்தார். நாடி இறங்கி நிலைத்த பிறகு அளந்தேன். புது எண்ணைப் போட்டேன். இன்னொரு ஒத்திகை. ஓரம் ஒற்றையாக வந்தது. அப்புறம்தான் மருந்து.

ஐந்து துண்டு. ஐந்து தடவை கை தூக்கினேன், இறக்கினேன். கடைசித் துண்டில் என் கை மரத்துப்போய்விட்டது.

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வலது குழாயில் முன்பு கறுப்பாகத் தெரிந்த இடம் சுத்தமாக இருந்தது. அது வெறும் அசைவு. ஆனால் இடது குழாயில், ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில், முன்பு எங்களுக்கு ஒழுங்காகத் தெரிந்த இடத்தில், நூல் ஒடுங்கியிருந்தது. நன்றாகவே ஒடுங்கியிருந்தது. முதல் படத்தை நம்பியிருந்தால் நல்ல குழாயைச் சந்தேகப்பட்டு, கெட்ட குழாயை நல்லது என்று எழுதியிருப்போம். மேடம் என்னைத் திட்டவில்லை. “முதல் படத்தை அழிக்காதே, வச்சிரு” என்றார். வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டுகிறேன்.

தேசிங்கு அண்ணனிடம் விஷயத்தை மேடம்தான் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்து, எங்கே அடைப்பு என்று முன்பே தெரிந்திருப்பதால் அயோடினை முடிந்தவரை குறைத்து, நேராக அங்கேயே போய் ஸ்டென்ட் வைப்பார்கள். முங்கக் கூடாது. எவ்வளவு நாளைக்கு என்பதை அவர்கள் சொல்வார்கள்.

அவர் ரொம்ப நேரம் துணிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சக்திவேலைப் பார்த்து, “அப்ப இனிமே நீ எறங்கு. நான் மேல நிக்கிறேன்” என்றார்.

“எனக்கு உன் அளவு மூச்சு இல்ல மாமா.”

“அது எனக்குத் தெரியும்டா. அதான் நான் புடிக்கிறேன்றேன்.”

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தொண்டை அடைக்கவில்லை. போன வாரம் சோதனைக்கு வந்தபோது உள்ளே எட்டிப்பார்த்து, “இன்னா பிரகாசு, வாந்தி நின்னுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அடுத்த விஷயம். வியாழக்கிழமை இதே ஸ்கேனுக்கு பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருகிறார். பிறவியிலேயே காது கேட்காது. வேறு இரண்டு இடங்களில் முயன்று, ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சீட்டைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதித்தேன். கயிறுதான் இருக்கிறதே! புதுத் துணியை எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டேன்.

பிலோமினா பக்கத்தில் நின்று பார்த்தாள். “அவங்களும் முங்குறவங்களா?” என்றாள்.

பாதிப் பின்னலோடு என் கை நின்றுவிட்டது. அவர் முங்குகிறவர் என்று அன்றைக்கு மேடத்திடம் சொன்னேனே, அதே குரலில்தான் இப்போது கயிறு இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அந்த அக்காவை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? தோளைத் தொட்டா, விளக்கைப் போட்டா, தரையைத் தட்டியா? அவருக்கு மூச்சு என்றால் என்ன, நிறுத்துவது என்றால் என்ன? எனக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் ஒருநாள் முன்னதாக, புதன்கிழமை காலையிலேயே அவரையும் அவர் தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன். மருந்து கிடையாது, ஸ்கேன் கிடையாது. நீங்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். தங்கையோடு அவர் எப்படிப் பேசிக்கொள்கிறார் என்று கொஞ்ச நேரம் கவனிப்போம். பிறகு அந்த ரப்பர் பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, எந்தச் சைகையும் காட்டாமல், அவர் அதை என்ன செய்கிறார் என்று முதலில் பார்க்கப்போகிறேன்.